அழுத்தம் இருந்தால்தான் பிள்ளை சாதிக்குமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

இங்கே மொரிஷியசில், காத்ர் போர்னிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் எச்.எஸ்.சி. கடைசி வருஷம். அதற்கு முந்தைய எஸ்.சி. (ஸ்கூல் சர்டிபிகேட்) தேர்வில் பள்ளியிலேயே முன்னணியில் வந்தவன். 'லோரேயா ஆகிவிடுவான்' என்று வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவனும் அதே நினைப்பில் இருந்தான். இந்த ஏப்ரலிலிருந்து ஆளே மாறிவிட்டான். மேசையில் புத்தகம் திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, பையனும் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே பக்கம். "போன வருஷம் வரைக்கும் கொஞ்சம் நெருக்கினால் நன்றாகப் படித்தவன், இப்போது நெருக்க நெருக்க ஒடுங்கிப்போகிறான். இன்னும் இறுக்கிப் பிடிக்கவா, விட்டுவிடவா? அழுத்தமே இல்லாமல் யாராவது பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா?" இதுதான் அவர் கேள்வி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மொரிஷியசில் பள்ளிப்படிப்பு முடியும்போது எழுதுகிற தேர்வு எச்.எஸ்.சி. கேள்வித்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து வருகிறது. அக்டோபர், நவம்பரில் எழுதுவார்கள், முடிவு அடுத்த வருஷத் தொடக்கத்தில் வரும். நாட்டிலேயே முதல் வரிசையில் வரும் பிள்ளைகளுக்கு அரசு உதவித்தொகை கொடுத்து மேல்படிப்புக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அவர்கள்தான் லோரேயா. பெயர் அறிவிக்கும் நாளில் பள்ளி வாசலில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், பத்திரிகையில் படம் வரும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அந்தப் படத்தை மனசில் பார்த்துவிடுகிற பெற்றோர் இங்கே உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்தில் கொள்ளுத்தாத்தா முதுகொடிந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தை விட்டு வெளியே வர இருந்த கதவு படிப்பு ஒன்றுதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். 28 வருஷம் உயிரியல் பாடம் எடுத்தேன். கடைசிப் பத்து வருஷம் மாணவர் ஆலோசகர் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைக் கண்ணெதிரே பார்த்தவள் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். அழுத்தமே இல்லாமல் யாரும் பெரிய ஆளாக வந்ததில்லை. ஆனால் ஒரே அளவு பாரம் ஒருவனை நடக்கவைக்கிறது, இன்னொருவனை உட்காரவைத்துவிடுகிறது. எடையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. பாரத்தை யார் எடுத்துக்கொண்டது, எங்கே இறக்கி வைக்கலாம், கூட நடப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதற்குள்தான் அடங்கும்.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, அட்ரினல். அது இல்லாமல் உயிர் தங்காது என்று 1856-ல் விலங்குகளில் பரிசோதித்துக் காட்டியவர் நம்ம ஊர்க்காரர். 1817-ல் போர்ட் லூயிசில் பிறந்த ஷார்ல் எதுவார் பிரௌன் செகார். இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் போ பாசேனில் அவர் பெயரில் இருக்கிற மனநல மருத்துவமனைதான் ஞாபகம் வரும். பிள்ளைகளை மிரட்டவும், ஒருவரை மட்டம் தட்டவும் அந்தப் பெயரை எடுக்கிறார்கள். பெரிய ஒரு விஞ்ஞானியின் பெயர் இப்படி ஆனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். இதைப் பற்றிக் கடைசியில் இன்னொரு வார்த்தை சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அந்தச் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வருகிறது. நொடிகளில் நெஞ்சு படபடக்கும், மூச்சு வேகமாகும், உள்ளங்கை வேர்க்கும். பின்னாலேயே கார்ட்டிசால் வரும். அது நிதானமாக ஏறி உச்சத்துக்கு வர 20, 30 நிமிஷம் ஆகும். ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, உடனே தேவைப்படாத வேலைகளைத் தள்ளிப்போட்டு, உடம்பை ஒரு காரியத்துக்குத் தயார் செய்யும். இது எதிரி இல்லை. தினமும் காலையில் கண் விழிக்கும் நேரத்தில் கார்ட்டிசால் தானாகவே ஏறுகிறது. அது ஏறாவிட்டால் படுக்கையை விட்டு எழவே தெம்பு இருக்காது. இந்த ஏற்பாடு ஏறி, வேலை முடிந்ததும் இறங்குவதற்காக அமைந்தது. இறங்காமல் மாதக்கணக்கில் நிற்கும்போதுதான் தூக்கம், பசி, ஞாபகம் ஒவ்வொன்றாகக் கெடுகிறது.

'கொஞ்சம் அழுத்தம் நல்லது, ரொம்ப அழுத்தம் கெட்டது' என்று ஒரு குன்று மாதிரி வளைகோட்டைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1908-ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனை அது. வெள்ளைப் பெட்டிக்குள் போனால் ஒன்றுமில்லை, கறுப்புப் பெட்டிக்குள் போனால் மின்சார அடி. இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அடி பலமாக ஆக ஆக எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வெளிச்சத்தைக் குறைத்து வித்தியாசத்தை மங்கலாக்கியபோது கதை மாறியது. பலமான அடி கற்றலைத் தாமதமாக்கியது, நடுத்தர அடிதான் உதவியது. எலியும் மின்சார அடியுமாகச் செய்த ஒரு சோதனையை மனிதரின் வாழ்க்கை முழுக்கப் போர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சுலபமான வேலைக்கு மிரட்டல் எடுபடும், நுணுக்கமான வேலையை மிரட்டல் கெடுக்கும்.

இந்தத் தீவின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1834-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். 'டபுள் கட்' என்று அதற்குப் பெயர். கொடுமைதான், ஆனால் கரும்பு வெட்டப்பட்டது. வெட்டுகிற கைக்குப் பயம் போதுமாக இருந்தது. எச்.எஸ்.சி. கடைசி வருஷப் பிள்ளை போடுகிற கணக்குக்கு அது போதாது. நாலு வழியை யோசித்து, மூன்றைத் தள்ளி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய வேலை அது. உங்கள் மகன் பத்தாம் வயதில் பெருக்கல் வாய்ப்பாடு படித்தபோது பலித்த நெருக்கல், பதினெட்டாம் வயதில் பலிக்காததற்கு இது ஒரு காரணம். அவன் மாறியதைவிட, அவன் செய்கிற வேலை அதிகம் மாறியிருக்கிறது.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது, நான் மேற்பார்வை. மூன்றாவது வரிசையில் அவள். நெஃப்ரான், அதாவது சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுகிற நுண்குழாய், அதைப் படம் போட்டு விளக்க வேண்டிய கேள்வி. ஒரு வளைவு போடுகிறாள், அழிக்கிறாள். மறுபடி போடுகிறாள், மறுபடி அழிக்கிறாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்து, கடைசியில் ஓட்டை விழுந்துவிட்டது. அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. வெளியே வாதாம் மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து, "சரி, இப்போ எனக்குச் சொல்லு" என்றேன். பெஞ்சுப் பலகையில் விரலால் வரைந்துகொண்டே, வடிகட்டுவது எங்கே, உப்பையும் நீரையும் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கே என்று ஒன்று விடாமல் சொன்னாள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்து அழுதாள்.

அவளுக்குப் படிப்பு வராமல் போகவில்லை. ஒரு காரியத்தை யோசிக்கும்போது அதற்கு வேண்டியதை எல்லாம் மூளை கொஞ்ச நேரம் கையில் ஏந்தி வைத்துக்கொள்கிறது. உளவியலில் செயல்நினைவு என்பார்கள், நான் வகுப்பில் 'மனசுக்குள் இருக்கிற சின்ன மேசை' என்று சொல்லுவேன். அந்த மேசை நிஜமாகவே சின்னது. 'தவறிப்போனால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்' என்கிற நினைப்பு வந்து அதில் உட்கார்ந்தால் நெஃப்ரானுக்கு இடமில்லை. சியான் பைலாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ரொம்ப நாள் ஆராய்ந்தவர். அவர் கண்டதில் என்னை உலுக்கியது இது: நெருக்கடியில் அதிகம் சறுக்குவது பெரிய மேசை இருக்கிற பிள்ளைகள்தான். சாதாரணமாக அவர்கள் கெட்டிக்காரத்தனமான, சிக்கலான வழியில் போய் விடை காண்பவர்கள். அந்த வழிக்கு மேசை முழுக்க வேண்டும். கவலை பாதி மேசையைப் பிடித்துக்கொண்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம் பெரிது. வகுப்பில் முதலாவதாக நிற்கிற பிள்ளை பரீட்சையில் விழும்போது 'தலைக்கனம்' என்று ஊர் சொல்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு நாம் செய்த அநியாயம் அது!

ஆனால் இது தேர்வு அறையின் ஒரு மணி நேரக் கதை. உங்கள் மகனுக்கு நடப்பது வேறு. அவனுக்கு அந்த 'வேணும்' என்கிற உணர்ச்சியே வற்றிக்கொண்டு வருகிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2012-ல் வெளிவந்த ஒரு போர்ச்சுக்கல் ஆய்வு. மேற்பயிற்சி இடத்துக்கான பெரிய தேர்வுக்கு மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களையும், அப்படி நெருக்கடி இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். திரையில் படங்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு உணவு கிடைக்கும். அதே உணவை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மறுபடி விளையாடச் சொன்னார்கள். நெருக்கடி இல்லாதவர்கள் திகட்டின உணவை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வுக்குப் படித்துக் களைத்தவர்கள், வேண்டாத உணவையே பழக்க தோஷத்தில் அழுத்திக்கொண்டிருந்தார்கள். நீண்ட அழுத்தம் மூளையை 'எனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதிலிருந்து 'நேற்று செய்ததைச் செய்' என்பதற்குத் தள்ளிவிடுகிறது. உங்கள் மகனின் மேசையை இப்போது நினைத்துப் பாருங்கள். நேரத்துக்கு உட்காருகிறான், நேரத்துக்கு விளக்குப் போடுகிறான், நேரத்துக்கு லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, போகிறான். உடம்பு பழக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 'எதற்காக' என்பது மட்டும் காணாமல் போயிருக்கிறது.

அதே ஆய்வில் ஒரு ஆறுதல் உண்டு. தேர்வு முடிந்து சில வாரம் ஓய்வு கிடைத்த பிறகு அந்த மாணவர்கள் பழையபடி யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்விலும் இதே மாதிரிதான். ஒரு மாதத் தேர்வு நெருக்கடியில் அவர்களுக்குக் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற திறமை குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிகளின் தொடர்பும் தளர்ந்திருந்தது. நெருக்கடி போன ஒரு மாதத்தில் எல்லாம் சரியானது. இளம் மூளை திரும்பி வரும். இன்று ஜூலை, தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. உங்களுக்கு நேரம் இருக்கிறது, அம்மா.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும், எப்படித் தப்பப் பார்த்தாலும் மின்சார அடி நிற்காத நிலையில் வைக்கப்பட்ட நாய்களைப் பார்த்தார்கள். அப்புறம் தப்பிக்க வழி திறந்துவிட்டபோதும் அவற்றில் பல நகரவே இல்லை, படுத்துக்கொண்டன. 'இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன' என்று அப்போது எழுதினார்கள். சுமார் ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டுத் தாங்கள் சொன்னதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான பதில், அதைக் கற்க வேண்டியதில்லை. 'என் செயலால் ஏதோ மாறுகிறது' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். தாம் சொன்னதைத் தாமே மாற்றிக்கொண்ட அந்த நேர்மைக்கு என் மரியாதை. அந்தத் திருத்தம் நமக்குச் சொல்வதும் பெரிது. ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற பையன் சோம்பேறி ஆகிவிடவில்லை. தன் கையில் ஏதாவது இருக்கிறது என்று அவன் மூளைக்கு மறுபடி காட்ட வேண்டும். அதைச் சின்னச் சின்ன விஷயத்தில்தான் காட்ட முடியும்.

இப்போது காவடிக்கு வருகிறேன். மனசைப் பற்றிய படிப்பில் நம்ம தீவுத் தமிழர்களுக்கு ஒரு இடம் உண்டு என்று பலருக்குத் தெரியாது. டிமிட்ரிஸ் க்சிகலாத்தாஸ் என்ற மானுடவியலாளர் பல வருஷம் இங்கே வந்து, தைப்பூசக் காவடி எடுப்பவர்களைக் கவனித்தார். அவர் குழுவின் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. காவடிக்கு முன்னும், அன்றும், பின்னும் பக்தர்கள் உடம்பில் சிறு கருவிகளை மாட்டி அளந்தார்கள். காவடி அன்று அவர்கள் உடம்பு காட்டிய அழுத்தம், மற்ற நாட்களைவிட மிக மிக அதிகம். சந்தேகமே வேண்டாம். நாக்கிலும் கன்னத்திலும் வேல், முதுகில் கொக்கி, தலைக்கு மேல் பிப்ரவரி வெயில், காலுக்குக் கீழ் கொதிக்கிற தார் ரோடு. ஆனால் சில நாள் கழித்துப் பார்த்தால் உடம்புக்கு நீடித்த கேடு எதுவும் தெரியவில்லை. காவடி எடுக்காதவர்களோடு ஒப்பிட்டபோது எடுத்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. அதிக வேல் குத்திக்கொண்டவர்கள் அதிக நிம்மதி சொன்னார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் தங்கள் விளக்கங்களைச் சொல்லியிருக்கிறார்கள். என் விளக்கம், வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவளின் விளக்கம், கொஞ்சம் எளிமையானது. அந்தப் பாரம் நாமே ஏற்றுக்கொண்டது. பத்து நாள் விரதமிருந்து, மாலையில் கோயிலுக்குப் போய், உடம்பும் மனசும் பழகிக்கொண்டு எடுப்பது. முதல் நாள் ராத்திரி வீட்டார் எல்லாம் உட்கார்ந்து பூவும் ஓலையும் கட்டிக் காவடியை ஜோடிக்கிறார்கள். நடக்கும்போது பக்கத்தில் தங்கச்சி வருகிறாள், மாமா வருகிறார், யாரோ முன்பின் தெரியாத ஒரு பாட்டி காலில் தண்ணீர் ஊற்றுகிறாள். செம்புப் பால் திரியாமல் போய்ச் சேர வேண்டும் என்கிற ஒரே நினைப்பு. கோர் தெ கார்ட் மலையடிவாரத்தில் அந்தப் படிகள் ஏறி, பாலைச் சாமிக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. இறக்கி வைத்துவிட்டு, வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். எந்தக் காவடிக்காரரையும் யாரும் 'நீ எத்தனாவது ரேங்க்' என்று கேட்பதில்லை.

உங்கள் மகன் தூக்குகிற காவடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் நேர்ந்துகொண்டதா அது? எந்தப் படியில் இறக்குவது? லோரேயா வராவிட்டால் இறக்க முடியாது, வந்தாலும் அடுத்து வெளிநாட்டில் முதலிடம். கூட யார் வருகிறார்கள்? எல்லாரும் ரோட்டோரம் நின்று 'வேகமா போ' என்கிறோம்.

சரி, கோயிலுக்குப் போனால் பதற்றம் குறையுமா என்று கேட்பீர்கள். அதையும் இங்கேயே பார்த்திருக்கிறார்கள். தென்மேற்குக் கரையில் மராத்திப் பெண்களிடம் நடந்த ஆய்வு, 2020-ல் வந்தது. வெள்ளம் வந்தால் என்ன முன்னேற்பாடு என்று யோசித்துச் சொல்லுங்கள், நிபுணர்கள் மதிப்பிடுவார்கள் என்று சொல்லி அவர்களைப் பதற்றப்படுத்தினார்கள். அப்புறம் பாதிப் பேர் வழக்கமான கோயிலில் வழக்கமான பூசையைச் செய்தார்கள், மற்றவர்கள் சும்மா அமைதியாக உட்கார்ந்தார்கள். பூசை செய்தவர்களின் உடம்பு சீக்கிரம் அடங்கியது. பழகிய கை, பழகிய அசைவு, அடுத்து என்ன என்று தெரிந்த ஒழுங்கு. அதில் மனசுக்குப் பிடிமானம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்து, லெசோனுக்காக நிறுத்தியிருந்தால், தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். பந்து விளையாடுகிறவன் என்றால் பந்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பெரிய சாதனையாளர்களையும் கேட்டிருந்தீர்கள். நம்ம சென்னைப் பிள்ளை குகேஷ் 2024-ல் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்துக்கு ஆடியபோது வயது 18, உங்கள் மகன் வயதுதான். முதல் ஆட்டத்திலேயே தோற்றான். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தான். பதினாலாவது, கடைசி ஆட்டத்தில் பட்டம் வென்றான். மன உறுதிக்கென்றே பேடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ஒருவரைத் தன் கூட வைத்திருந்தான். எதிரே இருந்த டிங் லிரென் 2023-ல் பட்டம் வென்ற பின் மனச்சோர்வோடு போராடியதை வெளிப்படையாகச் சொன்னவர். அப்படி இருந்தும் கடைசி ஆட்டம் வரைக்கும் சமமாக நின்றார். 55-ஆவது நகர்த்தலில் யானையை வைத்த இடம் தவறிப்போனது. இருவரும் அழுத்தத்தில்தான் இருந்தார்கள். இவ்வளவு உயரத்துக்குப் போகிறவர்கள் மனசுக்கும் ஆள் துணை தேடுகிறார்கள், கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பதினெட்டு வயசுப் பையன் தனியாக ஒரு அறையில் இதை எல்லாம் சமாளிக்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

இனி வீட்டில் என்ன செய்யலாம். முதலில் தூக்கம். அந்த வயதுக்கு எட்டு மணி நேரம் குறைந்தபட்சம். படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரிவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம், ஆனால் அன்று படித்ததில் பாதியை அந்த விளக்கே தின்றுவிடுகிறது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் கண்டிப்புக் காட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது லெசோன். நீங்கள் எழுதியபடி வாரத்தில் ஏழு லெசோன். பள்ளி விட்டு மெட்ரோவில் ரோஸ் ஹில், அங்கிருந்து இன்னொரு வீடு, சனிக்கிழமை காலை மறுபடி. இதில் ஒன்றையாவது நிறுத்துங்கள். எதை என்று நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ சொல்லக் கூடாது, அவன் சொல்ல வேண்டும். நேரம் மிச்சமாவது இதில் கிடைக்கும் சின்ன லாபம். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு விஷயத்தை அவன் முடிவு செய்து, அது நடந்தது என்று ஆக வேண்டும். மேயரும் செலிக்மனும் சொன்ன அந்தக் கற்றல் இங்கே தொடங்கும்.

படிக்கிற முறையையும் மாற்றச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத்தான் கொடுக்கும். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதி, அப்புறம் திறந்து திருத்த வேண்டும். 2016-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். திரும்பப் படித்துக் கற்றவர்களுக்கு, மறுநாள் பதற்றமூட்டிச் சோதித்தபோது ஞாபகம் குறைந்தது. தங்களைத் தாங்களே சோதித்துக் கற்றவர்களுக்கு, பதற்றத்திலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. விரத நாட்கள் உடம்பைக் காவடிக்குப் பழக்குவது போல, இது ஞாபகத்தை நெருக்கடிக்குப் பழக்குகிறது. பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பதும் இதே ரகம். மார்க்கை அவனே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் கேட்காதீர்கள்.

நெஞ்சு படபடத்தால் 'பதறாதே, பதறாதே' என்று சொல்வது உதவாது. ஏறின அட்ரினலின் நம் பேச்சைக் கேட்டு இறங்காது. 'இந்தப் படபடப்பு உடம்பு தயாராகிறதுக்கு அடையாளம், இது உனக்கு உதவும்' என்று சொல்லிப் பாருங்கள். 2010-ல் ஜெரமி ஜேமிசன் என்பவர் பெரிய தேர்வுக்குப் படிக்கிற மாணவர்களிடம் இதை மட்டும் சொல்லிப் பார்த்தார். அப்படிக் கேட்டவர்கள் கணக்கில் நன்றாகச் செய்தார்கள். தேர்வுக்கு முன் பத்து நிமிஷம் மனசில் இருக்கிற பயத்தை எல்லாம் தாளில் கொட்டி எழுதுவதையும் பைலாக் குழு 2011-ல் சொன்னது. பின்னால் வேறு சிலர் செய்தபோது எல்லா இடத்திலும் அதே பலன் வரவில்லை. ஆனாலும் என் மாணவர்களில் சிலருக்கு அது உதவியதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷம்தானே, அவன் விரும்பினால் செய்யட்டும்.

அப்புறம் அந்தக் கார். 'லோரேயா வந்தால் கார் வாங்கித் தருகிறேன்' என்று அப்பா சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அன்பில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் எட்வர்ட் டெசி 1971-லேயே புதிர் விளையாட்டை வைத்துக் காட்டியது இது: ஆசையாகச் செய்கிற ஒன்றுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தால், காசு நின்றதும் முன்பு இருந்த ஆசையும் குறைந்துவிடுகிறது. உங்கள் மகன் சின்ன வயதில் வானத்து நட்சத்திரங்களுக்குப் பெயர் கேட்டுக் கேட்டு உங்களைத் தூங்கவிடாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு யாரும் கார் காட்டவில்லை. அவனைத்தான் நாம் தேடுகிறோம்.

வீட்டில் ஒரு பேச்சும் நடக்க வேண்டும், அதுவும் அப்பா வாயால். 'நீ லோரேயா வந்தாலும் வராவிட்டாலும் இந்த வீட்டில் உன் இடம் மாறாது' என்று. பிள்ளைக்கு அது தெரியும் என்று நாம் நினைக்கிறோம். கிரியோலில் 'த்ராக்கா' என்போமே, அந்தக் கவலை தலைக்குள் சுற்றும்போது தெரிந்ததும் தெரியாமல் போகிறது. வாய் திறந்து சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அப்பாக்களுக்கு இது கஷ்டம். சாப்பாட்டு மேசையில் வேண்டாம், காரில் பக்கத்துச் சீட்டில் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்கள். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம், கேட்பதும் சுலபம்.

இதை எல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கமோ சாப்பாடோ திரும்பாவிட்டால், முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்ற மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள், அவனைத் தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. பிரௌன் செகார் என்ற பெயரைக் கேட்டு ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்கி நாள் கடத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு அழைத்துப் போகத் தயங்குவோமா? அந்த மனிதர் காட்டிக்கொடுத்த சுரப்பி ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் எந்த லெசோனை விடலாம் என்று கேளுங்கள். முதலில் 'தெரியாது' என்பான், 'நீங்களே சொல்லுங்க' என்பான். சொல்லிவிடாதீர்கள். மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை, காத்திருங்கள். அவன் எதைச் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.